இருநூற்று நாற்பது ஜோடிகளுக்கு வரன் பார்த்த வாரம்

ஜூலை 21, திங்கள்

காலை ஏழுக்கே வெயில். ஆடிக் காற்று என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். கம்பெனி கோட்டுக்கு இஸ்திரி போடவில்லை. கசங்கலோடு போனேன்.

சூப்பர்வைசர் பயிற்சி வகுப்பு மேடம் உத்தரவு: தினமும் பத்து நிமிடம் எழுத வேண்டும். யாருக்கும் காட்ட வேண்டாமாம். நல்லதாகப் போயிற்று, காட்டினால் வேலை போய்விடும்.

எதற்கு இந்தத் தண்டனை என்றால், நேற்று வேலூர் வகுப்பில் ஆளுக்கொரு குறை சொல்லச் சொன்னார்கள். நான் எழுந்து, "எங்கிட்ட குறை ஒண்ணும் இல்ல மேடம். லைன்ல எது லேட்டானாலும் நானே உக்காந்து தைச்சிடுவேன்" என்றேன். மேடம் சிரித்துவிட்டார். "அதாம்மா குறை."

சுருக்கென்றது. ஷூ கம்பெனியில் பதினோரு வருடம் தையல் மிஷினில் இருந்தவள். நாலு மாதமாகத்தான் சூப்பர்வைசர், அதுவும் 'ஆக்டிங்', நிரந்தரமில்லை. கை சும்மா இருக்குமா? வீட்டுப்பாடம்: அடுத்தவர் வேலையில் எத்தனை தடவை கை வைக்கிறேன் என்று எண்ண வேண்டும்.

இன்று: 11. சுகுணாவை எழுப்பிவிட்டு அவள் மிஷினில் உட்கார்ந்தது மட்டும் நாலு. "எனக்கு எதுக்குக்கா சம்பளம், நீயே வாங்கிக்கோ" என்றாள். வாயாடி.

புது ஆர்டர் வந்திருக்கிறது. ஆண்கள் ஷூ, பழுப்பு, 240 ஜோடி. டிரயல்தான். அடுத்த திங்கள் பையர் ஆள், அதாவது ஷூவை வாங்கப் போகும் கம்பெனிக்காரர், வந்து பார்ப்பார். தேறினால் சீசன் ஆர்டர் முழுக்க எங்கள் மூன்றாம் லைனுக்கு. தேறாவிட்டால் லைனைக் கலைத்து, முப்பத்திரண்டு பேரையும் மற்ற லைன்களுக்குப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். நான் பழையபடி மிஷினுக்கு.

மேனேஜர் சார்: "டென்ஷன் ஆவாத கோமதி. பிளான் பண்ணு." சொல்லிவிட்டு அவரே காலண்டரில் திங்கள் வரை நாட்களை இரண்டு தடவை எண்ணினார்.

வாங்க: துவரம்பருப்பு, ஸ்கெட்ச் பேனா நாலு கலர், குக்கர் காஸ்கெட்.


ஜூலை 22, செவ்வாய்

வெயில், அதே. குக்கர் காஸ்கெட் மறந்தேன்.

சார்ட் போட்டுவிட்டேன். நாலு கலரில், வகுப்பில் சொன்னபடி கட்டம் கட்டமாக. வீட்டுக்காரர் பார்த்தார். (ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை.) "டைம்டேபிள் நல்லாதான் இருக்கு. வண்டி எப்ப வரும்?" என்றார். தோசையைக் கருகவிட்டுக் கொடுத்தேன்.

ஒரு கண்டுபிடிப்பு. கட்டிங்கில் தோலை வெட்டியதும் ஒவ்வொரு துண்டின் பின்னாலும் வெள்ளிப் பேனாவால் ஜோடி நம்பர் எழுதுகிறார்கள். இடது 57, வலது 57. இதற்கு இரண்டு பெண்கள், முக்கால் நாள். எதற்கு? நிறுத்தச் சொன்னேன். கட்டாகக் கட்டி அனுப்பினால் போதும். இடது கால் எல்லாம் ஒரு வரிசையில், வலது கால் எல்லாம் எதிர் வரிசையில் தைக்கட்டும். வேகம் அப்படி ஒரு வேகம்! மதியத்துக்குள் பாதி முடிந்தது. எனக்கு நானே கை குலுக்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

செக்கிங் டேபிள் நூர்ஜஹான் அக்கா மட்டும், "நம்பர் இல்லாம பேஜாராயிடும் கோமதி" என்றார். "நான் பாத்துக்கறேன்க்கா" என்றேன். அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். பதினேழு வருட சர்வீஸ். இந்தச் சூப்பர்வைசர் நாற்காலி அவருக்குத்தான் வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள், அவரும்தான். அவரைப் பார்த்தால் எனக்குப் பயம். இங்கே தைரியமாக எழுதலாம்.

கை வைத்தது: 6. முன்னேற்றம்!


ஜூலை 23, புதன்

மேகமூட்டம். குடை எடுத்துப் போனேன், மழை வரவில்லை.

வேறு வந்தது.

பத்தரைக்கு நூர்ஜஹான் அக்கா (முழுப் பெயர் எழுத நேரமில்லை, இனி நூ.) தைத்து முடித்த அப்பர் (ஷூவின் மேல்பகுதி) இரண்டைக் கையில் எடுத்தார். நேரே சைக்கிள் ஷெட் பக்கம் நடந்தார். பின்னாலேயே ஓடினேன். வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார்.

இடது, கருப்பட்டி நிறம். வலது, பால் ஜாஸ்தி விட்ட டீ.

உள்ளே டியூப் லைட்டில் எல்லாம் ஒரே பழுப்பாகத் தெரிந்திருக்கிறது. ஒரு தோல் போல இன்னொரு தோல் இருக்காது, ஒரு ஜோடி என்றால் ஒரே தோலில் இருந்து வெட்ட வேண்டும், அதற்குத்தான் அந்த நம்பர். இது எனக்குத் தெரியாதா? பதினோரு வருடமாகத் தெரியும். வேகத்தின் மேல் இருந்த ஆசையில் புத்தி எங்கேயோ மேயப் போய்விட்டது. 480 அப்பர், நம்பரில்லாமல், வரிசை மாறி, கலந்து கிடக்கிறது.

கட்டிங்காரர்கள்தான் கலந்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். யோசித்தேன், அதையும் எழுத வேண்டும்.

லைனை நிறுத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சொல்லிவிட்டேன். "நம்பர் வேணாம்னு சொன்னது நான். வேற யார் தப்பும் இல்ல. இப்ப இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க."

சுகுணாதான் முதலில்: "இன்னாக்கா இது, எம் பையன் பள்ளிக்கூட பெஞ்சுல நிக்கிற மாதிரி நிக்கற? ஜோடி தெரியலன்னா ஜோடி பாக்க வேண்டியதுதான். ஊருக்கெல்லாம் பாக்கல?"

நூ. உடனே: "வெளிய எடுங்க எல்லாத்தையும். ஷெட்டுல வெளிச்சம் நல்லா கீது. லெஃப்ட்ட பூரா சாக்குல பரப்புங்க. ரைட்ட ஆளுக்கு ஏழெட்டு கையில எடுத்துக்குங்க. வரிசையா நடந்து தேடுங்க."

பதினொன்றிலிருந்து இரண்டரை வரை ஷெட்டில் கல்யாணம்தான்.

"மாப்ள கொஞ்சம் கறுப்பா கீறாரே."
"பொண்ணு மட்டும் பாலுல குளிச்சாளா? வையிடி பக்கத்துல."
"இவனுக்குக் கழுத்துகிட்ட சுருக்கம், வயசு ஜாஸ்தி."
"இந்த ஜோடி வேணாம், மாமியார் ஒத்துக்க மாட்டாங்க." மாமியார் என்றது நூ.வை. அவரும் சிரித்துக்கொண்டே, "ஆமா ஒத்துக்க மாட்டேன், வேற வரன் பாரு" என்று திருப்பி எறிந்தார். ஒவ்வொரு ஜோடி சேரும்போதும் சுகுணா வாயாலேயே மேளம் வாசித்தாள். கட்டிங் ஆண்கள் நாலு பேர் எட்டிப் பார்த்து, அவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். தோலைத் தொட்டே, "இது அந்தத் தோலு" என்று சொல்லக்கூடியவர்கள். மேனேஜர் சார் வந்தார், பார்த்தார், தலையில் கை வைத்தார். அப்புறம் அவரும் ஒரு ஜோடி சேர்த்தார். நூ. அதை நிராகரித்தார்.

233 ஜோடிக்குக் கல்யாணம். ஏழு இடது, ஏழு வலது ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. அந்த ஏழு ஜோடியைப் புதிதாக வெட்ட வேண்டும். சேர்ந்ததற்கெல்லாம் உடனே வெள்ளிப் பேனாவில் நம்பர்.

இவ்வளவு பெரிய தப்பு பண்ணிய நாளில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை. இதை மேடத்திடம் எப்படி விளக்குவது? கை வைத்ததை எண்ண மறந்துவிட்டேன்.


ஜூலை 24, வியாழன்

சாயங்காலம் நல்ல மழை. துணி நனைந்தது.

சோல் ஒட்டும் பிரிவுக்கு 233 போயாயிற்று. ஏழு ஜோடி வெட்டித் தையலில். எல்லாம் சரியாகப் போகிறதே என்று நினைத்த நேரத்தில் மேனேஜர் சார்: பையர் ஆள் திங்கள் வரவில்லை, சனிக்கிழமையே வருகிறாராம். காலை பத்து மணி.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்கு வேலூரில் இறுதி மதிப்பீடு. போகாவிட்டால் சர்டிபிகேட் இல்லை.

சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை என்று அழகாகப் பச்சையில் ஒரு கட்டம். ஆடி வெள்ளி. லைனில் பாதிப் பேர் கூழ் ஊற்றிவிட்டுத்தான் வருவார்கள். பன்னிரண்டரைக்குக் கட்டிங்கும் பேக்கிங்கும் ஜும்ஆவுக்குக் கிளம்பும். என் கட்டத்தில் கூழும் இல்லை, தொழுகையும் இல்லை. ஆம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள் போட்ட சார்ட்!

நூ.விடம் போனேன். "சனிக்கிழமை கிளாஸுக்குப் போவலக்கா. இங்கயே இருக்கேன்."

நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஒரு ஷூவுக்குள் விரல் விட்டுத் தடவிக்கொண்டே சொன்னார்: "நீ போ. நீ இருந்தா எல்லாம் உன் மூஞ்சியவே பாத்துனு நிக்கும்."

"அவர் ஏதாவது கேட்டா?"

"எனக்கு வாய் இல்லையா?"

இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. நாலு மாதமாக நான்தான் அதைத் திறக்க விடவில்லை. அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். "சரிக்கா" மட்டும் வந்தது.


ஜூலை 25, வெள்ளி

காலையில் ஈரக் காற்று. இன்று நான் ஒரு பிளானும் போடவில்லை. அவர்களே போட்டுக்கொண்டார்கள்: காலை பத்தரை வரை நூ.வும் மற்ற முஸ்லிம் பெண்களும் கூழ் வீட்டுக்காரிகளின் இடத்தில். தொழுகை நேரத்தில் கூழ் வீட்டுக்காரிகள் பேக்கிங்கில். தகராறு: ஒன்று. டிஷ்யூ பேப்பர் எங்கே என்று.

சுகுணா ஒரு தூக்குவாளி கூழ், வெங்காயம், கருவாட்டுக் குழம்பு. ஆளுக்கொரு டம்ளர். நூ. இரண்டு.

ஐந்து மணிக்கு 240 பெட்டி, அடுக்கியாயிற்று. ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும் போல் கை நமநமவென்றது. ஆறு பெட்டி திறந்தேன். நூ. வந்து மூடினார்.


ஜூலை 26, சனி

வெயில். நல்ல புடவை. மதிப்பீட்டு ஹாலில் போனைச் சைலன்டில் போட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மூன்று பேர் எதிரே. ஒருவர் கேட்டார்: "உங்க திட்டத்துல பெரிய ரிஸ்க் எது?" யோசிக்காமல், "நான்தான் சார்" என்றேன். சிரித்தார்கள். நிஜமாகத்தான் சொன்னேன், முழுக் கதையும் சொன்னேன். பாஸ்.

ஒரு மணிக்குப் போன் கைக்கு வந்தது. ஒரு மிஸ்டு கால் இல்லை. ஒரு மெசேஜ் இல்லை. ஆர்டர் தேறவில்லை, அதைச் சொல்ல வாய் வராமல் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நூ.வுக்குப் போட்டேன். மூன்று ரிங், கட். சுகுணாவுக்குப் போட்டேன். பின்னால் ஒரே கூச்சல்.

"இன்னாச்சுடி?"

"ஓ, நீயாக்கா! பாஸு! பதினோரு மணிக்கே முடிஞ்சுட்ச்சு. பதினெட்டு பெட்டி பிரிச்சாரு, வெயில்ல வெச்சு வெச்சுப் பாத்தாரு, ஒண்ணு ரிஜெக்ட் இல்ல. இப்ப நூர்ஜஹான்க்காகூட பேசினு கீறாரு, சீசன் ஆர்டருக்கு எந்தத் தோலுன்னு."

"பதினோரு மணிக்கா? ரெண்டு மணி நேரமா நான் செத்துனு கீறேன்! ஒருத்திகூடவா போன் பண்ணல?"

"மறந்துட்டோம்க்கா."

"மறந்துட்டீங்களா?"

"சத்தியமா. சாரு எல்லாருக்கும் பிரியாணி சொல்லச் சொன்னாரு, முப்பத்திரண்டு பொட்டலம்னு சொல்லிட்டோம். ஐயையோ! உன்ன எண்ணலயேக்கா!"

வைத்துவிட்டாள். ஆம்பூர் பஸ்ஸில் ஜன்னல் சீட். பள்ளிகொண்டா தாண்டும் வரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தேன். பக்கத்து சீட்டு அம்மா பையை எடுத்துக்கொண்டு பின் சீட்டுக்குப் போய்விட்டார்.