அண்ணிக்கு வெட்டிய குழி

தம்பி,

நீ புதுச் சபைக்குப் போனது தவறு. அதை இப்போதும் சொல்கிறேன், சாகும்வரை சொல்வேன். இந்தக் கடிதம் அதற்காக அல்ல.

நம் மலையில் கூலிக்குக் குழி வெட்ட ஆள் கிடையாது, உறவுதான் வெட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான், நீ சபை மாறிய கோபத்தில், உன் மகன் லியான் இறந்த அன்று கடப்பாரையைத் தொடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று உன் அண்ணிக்குக் குழி வெட்ட, நான் சொல்லி அனுப்பாமலே நீ வந்து நின்றாய். "சித்தப்பா, உங்க மகனுக்கு இவர் வந்தாரா?" என்று பக்கத்து வீட்டு வான் பிக் கேட்டது என் காதில் விழுந்தது.

"வாயால வெட்டாதடா, கடப்பாரைய இப்படிக் குடு. அண்ணி எனக்குச் சோறு போட்டவங்க" என்றாய்.

பிறர் உனக்கு எதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறாயோ அதையே நீ அவர்களுக்குச் செய் என்று முப்பது வருடம் சபையில் போதித்தவன் நான். நேற்று நீ என் முகத்தைக்கூடப் பார்க்காமல் மாலைவரை வெட்டினாய்.

இன்று காலை லியானின் கல்லறைக்குப் போனேன். இரண்டு வருடம் கழித்து அங்கே நான் வெட்ட என்ன இருக்கிறது? மண்டியிருந்த புல்லைப் பிடுங்கிவிட்டு வந்தேன்.

எனக்குக் குழி வெட்ட நீ வர வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

வா.

உன் அண்ணன்