உயரத்தில் இருந்த தாள்

அச்சன்புதூர்
14.7.2025

அன்பு மகள் ஜுஹைனாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். சார்ஜாவில் நீயும் மருமகன் ஹுஸைஃபாவும் பிள்ளையும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டு அத்தா எழுதுவது. அத்தாவேதான் மகளே, யாரையும் எழுதச் சொல்லவில்லை. மூன்று நாளாக எழுதுகிறேன். எழுத்தறிவு வகுப்பில் ஆனந்தவள்ளி டீச்சர், "பாய், பலாப்பழம் வெட்டுத மாதிரி பேனாவைப் பிடிக்கியளே, தாள் என்ன பாவம் பண்ணிச்சு" என்று சிரிப்பாள். இப்போது குற்றாலத்தில் இருக்கும் நம் பழக்கடைக்குப் போகிற பஸ்ஸின் போர்டை நானே படித்து ஏறுகிறேன். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.

போனில் சொல்லக் கூசியதை இதில் எழுதுகிறேன். மூத்திரம் சரியாகப் போகவில்லை என்று பார்த்ததில் புராஸ்டேட் சுரப்பியில் கேன்சர் என்று திருநெல்வேலி டாக்டர் சொன்னார். ஆரம்பம்தான், அழாதே. மூன்று வழி சொன்னார். ஆபரேஷன் செய்யலாம், கதிர் பாய்ச்சிக் கரண்டு வைக்கலாம், இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்த்துக்கொண்டே வரலாம், வளர்ந்தால் அப்போது வைத்தியம். பக்கத்துப் பழக்கடை பரீது, "வெட்டி எடுத்துட்டு நிம்மதியா இரும்வே, உள்ள வச்சுக்கிட்டு எப்படி ஒறங்குவீரு" என்கிறான். ஆபரேஷன் செய்தால் மூத்திரம் தானாகக் கசியலாமாம், பிறகு தொழுகைக்குக் கை கால் கழுவிச் செய்த ஒளு எப்படி நிற்கும் என்று கலங்கினேன். ஆலிம்சா, "அதுக்கு மார்க்கத்துல வழி இருக்கு, ஒங்க பயத்துக்குப் பள்ளிவாசலைச் சாட்டாதீங்க" என்று ஏசினார்.

டாக்டர் பழைய சீட்டுகளைக் கேட்டார் என்று தேடினேன். அலமாரிமேல் குர்ஆன் பக்கத்தில் உன் அம்மா ஹைருன் பீவிக்குக் கேன்சர் கட்டி எடுத்த ஆபரேஷன் சீட்டு இருந்தது. எழுத்துள்ள தாள் காலில் படக் கூடாது என்று அவளே வைத்தது. இங்கிலீஷுக்குக் கீழே நர்ஸ் பச்சை மையில் தமிழில் எழுதியிருக்கிறாள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் வரவும் என்று. எழுத்துக் கூட்டி நான்கு தடவை படித்தேன். வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னது மட்டும்தான் அன்றைக்கு என் காதில் ஏறியது. நீ போனில், "எல்லாம் முடிஞ்சிட்டா அத்தா" என்று கேட்டாய், முடிஞ்சிட்டு என்றேன். ஒரு தடவைகூட அவளைக் கூட்டிப்போகவில்லை. இரண்டு வருஷம் கழித்து அதே இடத்தில் வலி வந்தபோதும், "சீட்டுதான் பத்திரமா இருக்கே, பயப்படாதீங்க" என்று எனக்குத் தைரியம் சொன்னாள். படிக்கக் கற்றது இதற்குத்தானா என்று தரையில் உட்கார்ந்து அழுதேன். அவளை அடக்கிய கபுரில் போய்ச் சொல்லிவிட்டேன், இன்று உன்னிடம் சொல்கிறேன்.

அந்தச் சீட்டை டாக்டரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "எந்த வழி எடுத்தாலும் நீங்க வரணும் பாய்" என்றார். பார்த்துக்கொண்டே வருகிற வழியைச் சொல்லிவிட்டு வந்தேன். அக்டோபர் 13 என்று என் கையால் எழுதி, செருப்பு மாட்டக் குனிந்தால் தெரிகிற மாதிரி கதவின் அடியில் ஒட்டியிருக்கிறேன். உன் அம்மா இருந்தால் ஏசுவாள். நீயும் குறித்து வைத்து, அன்று காலையில் போன் போட்டு என்னை அதட்டு. முடிஞ்சிட்டு என்று நான் சொன்னால் நம்பாதே.

அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும். அத்தா எழுதியது என்று இந்தத் தாளை உயரத்தில் வைத்துவிடாதே மகளே.

இப்படிக்கு உன் அத்தா,
அ. மைதீன்