ருசி பார்த்த சீனி

நேற்று தேன்பெட்டியின் அடித்தட்டை உருவிப் பார்த்தேன். தேங்காயெண்ணெய் பூசி விரித்திருந்த வெள்ளைத் தாளில் குரக்கன் மணி போலச் செந்நிறப் பொட்டுகள். மறுபடியும் உண்ணி வந்துவிட்டது. நோன்பும் தொடங்கிவிட்டது. இரண்டும் சேர்ந்து வந்தால் உன்னை நினைக்காமல் எப்படி இருப்பது?

ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த நாம், ஓய்வுபெற்ற கையோடு நாவிதன்வெளியிலிருந்து ஒரு தேனீக் கூட்டத்தைப் பங்குக்கு வாங்கி வந்தோம். பெட்டி என் வளவு முருங்கையின் கீழ். அதிகாரம் முழுக்க உன்னுடையது. அந்த முதல் வருடமே உண்ணி பிடித்தது. தேன்பூச்சியின் உடம்பில் ஒட்டி உறிஞ்சும், பெருகவிட்டால் கூட்டமே பெட்டியை விட்டுப் போய்விடும் என்றார் பார்க்க வந்த விவசாய அலுவலர். மருந்து சொல்லவில்லை. சீனியை மாவாக அரைத்துத் தூவச் சொன்னார். பூச்சிகள் நக்கி நக்கி ஒன்றையொன்று துடைக்கும்போது உண்ணி பிடி நழுவித் தாளில் விழுமாம்.

அன்றும் நோன்புதான், எனக்கு மட்டும்; உனக்கு அந்தக் கடமை இல்லை. என் குசினியில் ஒரே மாதிரி இரண்டு பால்மா டின்கள். ஒன்றில் அரைத்த சீனி, மற்றதில் இடியப்ப மா. நான் ஒன்றை எடுத்துத் தந்தேன், நீ தேனடைச் சட்டங்களுக்கு இடையில் தூவினாய். பூச்சிகள் வெள்ளை வெளேரென்று பெட்டி வாசலில் குவிந்து இரைந்தன.

"இஞ்ச பாரு புள்ள, ஒண்டும் நக்குதில்ல. இது சீனிதானா?"

"நான் நோம்பு, எப்பிடி ருசி பாக்குற? நீ பாத்திருக்கலாமே?"

"உன்ட முன்னால நான் வாயில வைக்கிறதா?"

ஊருக்கே பாடம் சொன்ன இரண்டு டீச்சர்மார், ஒரு டின்னைச் சரியாக எடுக்கத் தெரியாமல் நின்றோம். எனக்கு அழுகை வந்தது. இருந்ததே அந்த ஒரு கூட்டம்தான். நீ கோழியிறகால் ஒவ்வொரு சட்டமாக இடியப்ப மாவைத் தட்டினாய். பிறகு கதிரையைப் போட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தாய். தண்ணீர் தந்தேன், வேண்டாம் என்றாய். பொழுதுபட்டு மஃரிபுக்குக் கஞ்சியோடு நான் வந்தபோதுதான் வாய் திறந்தாய்.

"எல்லாரும் உள்ள போயிட்டாங்க. இனி நோம்பத் துற."

அன்று நீயும் என்னோடுதான் நோன்பு துறந்தாய்.

நாக்கில் வைத்துத் துப்பினால் நோன்பு முறியாது என்று மௌலவி பிறகு சொன்னார். நீ கேட்டால்தானே. "நான் எதுக்கு இருக்கன்?" என்று ஒவ்வொரு நோன்பிலும் குசினிக் கதவுக்குப் பின்னால் போய் ருசி பார்த்து வந்து, "ஓம், சீனிதான். தூவு" என்பாய். கூட்டம் இன்றுவரை போகவில்லை. உண்ணி வரும், குறையும், திரும்ப வரும். நாமும் அதற்குப் பழகிவிட்டோம்.

போன மாரியில் உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு, நீ கடைசியாக அரைத்து வைத்திருந்த டின்னை உன் மகள் கொண்டுவந்து தந்தாள். மூடியில் கொப்பி திருத்தும் அதே சிவப்பு மையில் எழுதியிருந்தாய்: "ருசி பார்த்தாயிற்று."

இன்று காலை அந்த டின்னைத் திறந்தேன். கடற்காற்றுக்குக் கட்டிபட்டிருந்ததை நசுக்கி அரித்தேன். நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. அப்படியே தூவிவிட்டு, உன் கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் பூச்சிகள் ஒன்றையொன்று நக்கத் தொடங்கின.

சீனிதான், புள்ள.