அம்மாவின் கார் ஸ்டார்ட் ஆகாமல் போன காரணம்

என் வாயாடி மகளுக்கு அப்பா எழுதுவது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன், படுத்தால் தூக்கம் வருகிறது, மற்றதை விசாரிக்காதே, விசாரித்தால் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே சளி, காய்ச்சல் என்று எதுவும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், அப்படி ஏதாவது இருந்தால் மறைக்காமல் எழுது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் ஒரு விஷயத்தை நான் சொல்ல ஆரம்பித்தால் நீ முடிவை நீயே சொல்லிவிடுகிறாய், உன் அம்மாவிடமிருந்து வந்த பழக்கம் அது. இதை நான் வரிசையாகச் சொல்ல வேண்டும். வரிசை தப்பினால் எனக்கு எதுவும் புரியாது என்று உனக்குத் தெரியும், டிப்போவில் அத்தனை வருஷம் பஸ்ஸுக்கு ஒயர் பார்த்தவன் புத்தி வேறு எப்படி இருக்கும்.

நீ கிளம்பிப் போன பிறகு வீட்டில் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துகொண்டுதான் இருக்கிறேன். உன் அம்மாவின் மருந்து டப்பாக்களைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, வாடகைக்கு எடுத்த கட்டிலை வந்து தூக்கிப் போய்விட்டார்கள், முன்னறையில் அது நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. எனக்கு இதெல்லாம் ஒன்றும் செய்யவில்லை. ஒரே பக்கமாக உட்கார்ந்து கால் மரத்துப் போனால் கிள்ளினாலும் தெரியாதே, அந்த மாதிரி இருக்கிறது, ஆனால் காலில் மட்டும் இல்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரர் தினமும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார், மனிதர் நல்லவர், ஆனால் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறார், எப்போது உடையப்போகிறேன் என்று காவல் இருக்கிற மாதிரி. நான் அவருக்குக் காபி போட்டுக் கொடுக்கிறேன், அவர் குடித்துவிட்டுப் போகிறார். உன் அம்மா போன அன்றும் சரி, அதற்கப்புறமும் சரி, எனக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை என்பதை நீயும் கவனித்திருப்பாய். கேட்காமல் இருந்தாய், அதற்கு நன்றி.

சரி, கார் விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே உன் அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டாள், நீயும் பக்கத்தில்தான் இருந்தாய், காரைத் தங்கச்சிக்குக் குடுத்துடுங்க, அவதான் வீடு வீடா நடந்து போய் ஊசி போட்டுக்கிட்டு இருக்கா, உங்களுக்கு எதுக்குக் கார், நாலு தெருவுக்கு அப்பால போனா வழி தெரியாது என்று. சித்தியும் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போகிறேன் என்று சொல்லியிருந்தாள். கொடுப்பதென்றால் சுத்தமாகக் கொடுக்க வேண்டும், காற்று, தண்ணீர், ஆயில் எல்லாம் பார்த்து வைக்கலாம் என்று வாரத் தொடக்கத்திலேயே ஷெட்டைத் திறந்தேன். கொடுக்கவும் எனக்கு இஷ்டம் இல்லை, வைத்துக்கொள்ளவும் இஷ்டம் இல்லை, இஷ்டம் என்ற ஒன்று இருக்கிற மாதிரியே தெரியவில்லை, ஆனால் சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே. கதவைத் திறந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்வது தப்பு, மடங்கினேன். உன் அம்மா உயரம் உனக்குத் தெரியும், சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறவள். ஸ்கேன் எடுக்கப் போன அன்று அவளேதான் ஓட்டினாள், திரும்பி வந்து நிறுத்தியதும் அவள்தான், அதற்குப் பிறகு யாரும் அதில் உட்காரவில்லை. முன்பெல்லாம் நான் ஏறினால் முதல் வேலையாகச் சீட்டைப் பின்னால் தள்ளுவேன், உங்க காலுக்கு வீட்டுச் சுவத்தையே தள்ளி வைக்கணும் என்று திட்டுவாள். இந்தத் தடவை தள்ளவில்லை. முழங்கால் ஸ்டீயரிங்குக்கு அடியில் இடித்தது, வயிறு மேலே இடித்தது, அப்படியே இருக்கட்டும் என்று கிளட்சை மிதித்துச் சாவியைத் திருப்பினேன். செல்ஃப் எடுக்கவில்லை. கடகடவென்றுகூட இல்லை, ஒரு சத்தமும் இல்லை.

சத்தமே இல்லை என்றால் யாருக்கும் முதலில் பேட்டரி மேல்தான் சந்தேகம் போகும், எனக்கும் போனது, இத்தனை நாள் ஓடாமல் நின்ற வண்டி. ஆனால் ஹெட்லைட் போட்டால் ஷெட் சுவர் பளிச்சென்று தெரிகிறது, சாவியைத் திருப்பும்போது லைட் மங்கவும் இல்லை. பேட்டரி இறங்கியிருந்தால் லைட் மங்கும், இது மங்கவில்லை என்றால் கரண்ட் செல்ஃப் மோட்டார் பக்கமே போகவில்லை என்று அர்த்தம். இருந்தாலும் வரிசையை விடக்கூடாது என்று மீட்டர் வைத்தேன், பன்னிரண்டரை வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டியது, சொக்கத் தங்கம். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தது, வெந்நீர் ஊற்றித் தேய்த்து முறுக்கினேன். எஞ்சினிலிருந்து பாடிக்கு வருகிற எர்த் ஒயரைக் கழற்றிச் சுரண்டிப் போட்டேன். ஃபியூஸ் எல்லாம் பார்த்தேன், நன்றாக இருக்கின்றன. தையல்காரர் ஷெட் வாசலில் நின்றுகொண்டு பெட்ரோல் பழசாயிருக்கும் சார் என்றார். பெட்ரோல் பழசானால் எஞ்சின் சுற்றும், பற்றாது, இது சுற்றவே இல்லை என்றேன். அப்ப எஞ்சினே இறுகிப் பிடிச்சிருக்கும் என்று அடுத்த வைத்தியம் சொன்னார். அது எனக்கும் ஒரு பயம்தான், அதனால் கியரை நியூட்ரலில் போட்டு, சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஸ்குரூ டிரைவரால் செல்ஃப் மோட்டாரில் இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டேன். எஞ்சின் கர்ரென்று சுற்றியது. தையல்காரர் இரண்டடி பின்னால் போனார். ஆக எஞ்சின் இறுகவில்லை, மோட்டாரும் நன்றாக இருக்கிறது, பேட்டரியும் நன்றாக இருக்கிறது, சாவிக்கும் மோட்டாருக்கும் நடுவில் எங்கேயோதான் கரண்ட் நிற்கிறது. இவ்வளவும் ஒரு காலை வேளையில் முடிந்த வேலை. தள்ளிவிட்டு ஸ்டார்ட் பண்ணியிருக்கலாம், ஆனால் அப்படிக் கொடுத்தால் சித்தி ஒவ்வொரு நோயாளி வீட்டு வாசலிலும் தள்ளுவதற்கு ஆள் பிடிக்க வேண்டும்.

இனிமேல்தான் நான் எழுத வேண்டிய விஷயம் வருகிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள மூடியைக் கழற்றி, சாவி சுவிட்சில் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தேன். திருப்பினால் எரிகிறது, சுவிட்சில் கோளாறு இல்லை. அங்கிருந்து ஒயர் பெடல் பக்கம் கீழே இறங்கிப் போகிறது. அதை விட்டுப் பிடிக்காமல் கூடவே போக வேண்டும், அதுதான் வேலை, என் சர்வீஸ் முழுக்க அதைத்தான் செய்தேன். அங்கே தலையை நுழைக்க வேண்டுமென்றால் சீட்டைப் பின்னால் தள்ள வேண்டும். நான் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு டெஸ்ட் லேம்பைச் சுருட்டி வைத்துவிட்டு, கடைக்குப் போய்ப் புதிதாக ஒரு சாவி சுவிட்ச் வாங்கி வந்து மாட்டினேன். கேட்டுக்கொள், நல்ல சுவிட்ச் என்று என் கண்ணாலேயே பார்த்துவிட்டு அதைக் கழற்றிப் புதியது மாட்டினேன். டிப்போவில் எவனாவது இந்த வேலையைச் செய்திருந்தால் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டியிருப்பேன். ஸ்டார்ட் ஆகவில்லை, ஆகாது என்றும் தெரியும். மறுநாள் செல்ஃபுக்குக் கரண்ட் விடுகிற ரிலேயை மாற்றினேன். அதற்கடுத்த நாள் ஒன்றும் செய்யவில்லை, ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தையல்காரர் நல்ல மெக்கானிக் ஒருத்தரக் கூட்டிட்டு வரட்டுமா சார் என்று பவ்யமாகக் கேட்டார், எனக்குக் கோபம்கூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சித்தி ஒரு நோயாளி வீட்டிலிருந்து நேராக வந்தாள், யூனிஃபார்ம், தோளில் பை, வியர்வை. செல்ஃப் எடுக்கலம்மா, இன்னும் ரெண்டு நாள் குடு என்றேன். பரவாயில்லை அத்தான், சும்மா ஒரு தடவ உட்கார்ந்து பார்க்கிறேன் என்று ஏறினாள். நான் முன்னால் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மீட்டரும் கையுமாக நிற்கிறேன், எஞ்சின் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. பானெட் மூடி மறைத்ததால் உள்ளே யார் என்று தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. உன் அம்மா கடைக்குக் கிளம்புகிற சத்தம்தான் அது. எனக்கு ஒரு நொடி எதுவும் வித்தியாசமாகத் தோன்றவில்லை, அதை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பிறகு சித்தி தலையை வெளியே நீட்டி, ஒண்ணும் ஆகலையே அத்தான், நல்லாத்தானே இருக்கு என்றாள். நான் ஏறிப் பார்த்தேன், செல்ஃப் எடுக்கவில்லை. அவள் ஏறினாள், எடுத்தது. மறுபடி என்னை ஏறச் சொல்லி, கதவைப் பிடித்துக்கொண்டு என் காலையே பார்த்தாள், உங்க முட்டி மேல இடிக்குது, கிளட்சு பாதிக்கு மேல போகவே இல்ல, எங்க நர்சிங் சர்வீஸ்ல எப்பவாவது ஓட்டக் குடுக்கிற வண்டியிலயும் இப்படித்தான், கிளட்சு தரையத் தொட்டாத்தான் செல்ஃபே எடுக்கும் என்றாள். பெடலுக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது, முழுக்க மிதித்தால்தான் அது ஒட்டிக் கரண்ட் விடும். நான் பார்த்த பஸ்களில் இந்தச் சங்கதி கிடையாது, முன்பு இதே வண்டியைச் சீட்டைத் தள்ளி ஓட்டியபோதெல்லாம் கால் தாராளமாகப் போனதால் எனக்குத் தெரியவும் வாய்ப்பில்லை. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, கோளாறு உட்கார்ந்த ஆளிடம். சிரிப்பு வர வேண்டிய இடம், சித்தி சிரித்தாள், எனக்கு வரவில்லை. சீட்டக் கொஞ்சம் பின்னால தள்ளியிருந்தா முதல் நாளே முடிஞ்சிருக்குமே என்றவள், சீட்டைப் பார்த்துவிட்டுப் பையை இழுத்துத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள்.

அதோடு அவள் ஓட்டிக்கொண்டு போயிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. நம் கேட் எவ்வளவு குறுகல் என்று உனக்குத் தெரியும். இந்தத் தூணு என்னப் பார்த்தாலே பக்கத்துல வந்து நிக்குது அத்தான், வெளியே மட்டும் நீங்களே எடுத்துக் குடுத்துடுங்க என்று ஒதுங்கி நின்றுவிட்டாள். காரணம் தெரிந்துவிட்டது, இனிமேல் மழுப்ப வழியில்லை. சீட்டுக்கு அடியில் கையை விட்டுக் கம்பியைத் தூக்கினேன், முதுகால் தள்ளினேன், அது வழுக்கிக்கொண்டு பின்னால் போய் டக்கென்று நின்றது. கால் நீட்ட இடம் வந்தது. கிளட்ச் தரை வரைக்கும் போனது, எஞ்சின் எடுத்தது, ரிவர்ஸில் தூணுக்கு ஒரு கீறல் இல்லாமல் தெருவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். அப்போதும் எனக்கு ஒன்றும் இல்லை. இவ்வளவுதானா, இதற்காகவா ஒரு வாரம் என்றுகூட நினைத்தேன். எஞ்சினை நிறுத்தாதே, இத்தனை நாள் நின்ற வண்டி, ஒரு அரை மணி ஓடினால்தான் பேட்டரிக்கு நல்லது என்று சித்தியிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். அவள் ஏறி உட்கார்ந்து கம்பியைத் தூக்கிச் சீட்டை முன்னால் இழுத்தாள். நான் ஜன்னல் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா வைத்திருந்த இடத்துக்குச் சீட்டு வந்தது. ஷெட்டில் ஒரு வாரம் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த இடம் எனக்குத் தப்பாது. சித்தி அங்கே நிறுத்தவில்லை. அவள் அக்காவைவிட ஒரு விரற்கடை குள்ளம், முதலில் எட்டித்தான் மிதித்திருக்கிறாள், ஓட்டிப் போக அது போதாதே. இன்னும் ஒரு பல் முன்னால் இழுத்தாள், டக்கென்று விழுந்தது.

அவ்வளவுதான், எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுத்தெருவில், கையில் அழுக்குத் துணியோடு, பட்டப்பகலில். நான் இப்படி அழுது நீ பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை, சத்தம் என் தொண்டையிலிருந்து வருகிறது என்பதே எனக்குக் கொஞ்ச நேரம் தெரியவில்லை. தையல்காரர் மிஷினை விட்டு எழுந்து வந்தார், சித்தி அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள், அவர் திரும்பிப் போய்விட்டார். சித்தி இறங்கவில்லை, ஜன்னல் வழியாக என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், நாடி பார்க்கிற மாதிரி. அடுத்த நோயாளிக்கு நேரமாகவில்லையா, நீ கிளம்பு, நான் உள்ளே போகிறேன் என்று எப்படியோ சொன்னேன். அரை மணி ஓடணும்னு நீங்கதானே அத்தான் சொன்னீங்க, ஓடட்டும் என்றாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, அவளும் பக்கவாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள், அவளுக்கும் அக்காதானே. பிறகு கிளம்பிப் போனாள். நான் ஷெட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டு உள்ளே வந்து சாப்பிட்டேன், சாப்பாட்டில் உப்பு அதிகம் என்று தெரிந்தது. இத்தனை நாளும் அப்படித்தான் போட்டிருக்கிறேன் போலிருக்கிறது.

இதை உனக்குச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். நீ கிளம்பின அன்று பெட்டியைப் பூட்டுவதும் திறப்பதும் எடை பார்ப்பதுமாகவே இருந்தாய், என் பக்கம் நிமிர்ந்து பார்க்கவே இல்லை, எனக்குப் புரியாமல் இல்லை, நானும் அப்போது வாசல் பல்பை மாற்றிக்கொண்டிருந்தேன். அங்கே பிள்ளைக்கு முன்னால் கூடாது, மாப்பிள்ளைக்கு முன்னால் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதே, உனக்கும் ஏதாவது ஒரு சாக்கு கிடைத்தால் அதை விட்டுவிடாதே. குளிர் வருவதற்கு முன் உங்கள் கார் பேட்டரியை யாரிடமாவது காட்டச் சொல்லி மாப்பிள்ளைக்கு நினைவுபடுத்து. பேத்தி கன்னத்தில் எனக்காக ஒரு முத்தம் கொடு. நீங்கள் மூவரும் ஒரு குறையுமில்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், அம்மா சார்பிலும் இதை நான்தான் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா