இரண்டு ஹாரன்

தம்பி,

இன்று காலை தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. நம் வீட்டுப் பக்கத்து ரோட்டு வளைவில் ஒரு கரும்பு டிராக்டர் சின்னதாக இரண்டு ஹாரன் அடித்துவிட்டுப் போனது. என் கை தானாக மாவுக் கரண்டிக்குப் போய்விட்டது. உன் மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "யாருக்குடி இவ்ளோ அவசரமா ஊத்தற?" என்றார். அவருக்கும் தெரியும், சும்மா கேட்கிறார்.

பட்டாளத்துக்குப் போவதற்கு முன் உன் வழக்கமும் அதுதானே. கரும்பை ஏற்றிக்கொண்டு கிருமாம்பாக்கம் ரோட்டுக்குத் திரும்பும்போது இரண்டு ஹாரன். டிராக்டரை ஓரம் கட்டிவிட்டு நீ உள்ளே வருவதற்குள் முதல் தோசை தட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால், "யக்கா, ஹாரன் அடிச்சனே, காது பூட்ச்சா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவாய். ராணுவத்திலும் உனக்கு வண்டிதான் கொடுத்தார்கள். "துப்பாக்கியவிட ஸ்டியரிங்தாங்க்கா என் கைக்கு நல்லா இருக்குது" என்று போனில் சிரித்தாய். மலைமேல் காவல் நிற்கிறவர்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிப்போன உன் வண்டி பனியில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

போன வருஷம் ஊர்க்காரர்கள் கூடி, பட்டாளத்தில் உயிரைவிட்ட நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வளைவில் ஒரு நினைவுக்கல் வைப்பது என்று முடிவு செய்தார்கள். யார் யார் பெயரை எழுதுவது என்று கோயில் வாசலில் கூட்டம். உன் பெயர் வேண்டாம் என்றான் ஏழுமலை. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தானே, அவன்தான். இப்போது பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்துவிட்டான். இந்த விஷயத்தில் அவன் சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது.

"தப்பா நெனைக்காதக்கா. சண்டையில பூட்டவங்களுக்குத்தான் இந்தக் கல்லு. தம்பி வண்டி கவுந்துதான போச்சு?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் முகத்துக்கு நேரே கையை நீட்டிக் கேட்டேன். "ஏண்டா ஏழுமலை, நீயும் மலைமேல நின்னவன்தான? அங்க தெனமும் இன்னாத்துக்குடா வழி பாத்துகினு இருந்த? கோயில் வாசல்ல நிக்கற, நெசத்த சொல்லு."

அவன் தலையைச் சொறிந்தான்.

"வண்டிக்குத்தாங்க்கா" என்றான்.

பிறகு கல்லில் எழுத்து வெட்டுகிறவரிடம் திரும்பி, "இந்தப் பேரையும் எழுதிக்கோப்பா. கீழ டிரைவர்னு போடு" என்றான். அங்கே விறைப்பாக நின்றுவிட்டு வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

சுதந்திர தினத்தன்று கல்லைத் திறந்தார்கள். அதிகாரி ஒருவர் வந்து மாலை போட்டார். எல்லோரும் இரண்டு நிமிடம் மௌனமாக நிற்க வேண்டும் என்று மைக்கில் சொன்னார்கள். ஊரே தலையைக் குனிந்து நின்றது. நீ என்றைக்கடா இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் வாயை மூடிக்கொண்டிருந்தாய்? அதை நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து வளைவில் ஒரு டிராக்டர். பாம், பாம்.

அதிகாரி முகம் சுளித்தார். ஏழுமலை மட்டும் ரோட்டைப் பார்த்து நிமிர்ந்து ஒரு சல்யூட் அடித்தான். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னான்: "வண்டி வந்துட்ச்சிக்கா."

அந்த டிரைவருக்கு உன்னைத் தெரியாது. எதிரில் வருவது தெரியாத வளைவு, யார் வந்தாலும் அடிக்கிற ஹாரன்தான். அது எனக்கும் தெரியும். இருந்தாலும் சத்தம் கேட்டால் முதல் தோசையை ஊற்றிவிடுகிறேன். தட்டில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, சூடு போவதற்குள் நானே தின்றுவிடுகிறேன். ஆறின தோசைதான் உனக்கு ஆகாதே.

அக்கா