நீலமாகாத செல்கள்

திங்கள், 09:10
நிலாவின் தென்துருவ ஆய்வுக்கூடம். எழுதுவது மருத்துவர் மாதங்கி. இங்கே இருப்பது நானும், துளைப்பொறி இயக்கும் எட்வின் ராசையாவும் மட்டும். காற்று, நீர் சீர். இருவரும் கவச மாத்திரை எடுத்துக்கொண்டோம். கதிர்வீச்சு உடலுக்குள் கிளப்பிவிடும் வீரியமான ஆக்சிஜனைத் துடைத்தெடுக்கும் மாத்திரை அது, என் கண்டுபிடிப்பு. துளைப்பொறியில் எட்வினின் உள்ளங்கை கிழிந்தது. தையல் போட்டேன்.

புதன், 11:40
கை வீங்கிவிட்டது. காய்ச்சல். எந்த ஆன்டிபயாட்டிக்கும் கேட்கவில்லை. தனியறைக்கு மாற்றினேன். ஸ்பீக்கரில் அவர் குரல்:
"டாக்டரம்மா, மாத்திரய ஒரு வேள கூட விடலயே. பெறவு ஏன் இப்படிக் காந்துது?"

வியாழன், 10:05
அவருடைய ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தேன். வெள்ளையணுக்கள் கிருமிகளைப் பிடித்து விழுங்கியிருக்கின்றன. விழுங்கியதும் ஆக்சிஜனை விஷமாக்கி அவற்றின் மேல் கொட்டிக் கொல்ல வேண்டும். கொல்லவில்லை. கிருமிகள் வெள்ளையணுவுக்குள்ளேயே இரண்டிரண்டாகப் பெருகிக்கொண்டிருந்தன. சாயம் சேர்த்தேன். விஷம் சுரந்தால் செல் நீலமாகும். ஒன்றுகூட ஆகவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க என் ரத்தம். எல்லாம் நீலம்.

திங்களன்று நான் எழுதியது பொய். குமட்டல் தாங்காமல் அந்த மாத்திரையை எப்போதோ நிறுத்திவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. எலும்பு மஜ்ஜையில் செல் பிறக்கும்போதே மருந்து அதற்குள் ஏறி, அதன் ஆயுதத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது.

அவருக்கு மாத்திரையை நிறுத்தினேன். புது செல்கள் பிறந்து வர நாளாகும்.

பூமியிலிருந்து தரைநிலையம் கேட்டது: "மாத்திரையால் பாதிப்பு ஏதாவது?"
என் பதில்: "இல்லை. புதுவகைக் கிருமி."

அவர் அங்கே நடுங்கிக்கொண்டிருக்கிறார். நான் மாத்திரையின் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளி, 15:20
இருவருக்கும் ஒரே ரத்தவகை. என் வெள்ளையணுக்களைப் பிரித்து அவருக்கு ஏற்றினேன். ஏன் என்னுடையவை வேலை செய்கின்றன என்பதையும் ஸ்பீக்கரில் சொன்னேன்.
"நீங்க திங்கவே இல்லியா?"
"இல்லை, எட்வின்."
"சரி. ரொம்ப எடுக்காதீங்கம்மா. நீங்க மயங்கி விழுந்துட்டா எனக்கு வேற ஆளு கெடையாது."
திட்டியிருக்கலாம்.

சனி, 13:00
மறுபடி ஏற்றினேன். காய்ச்சல் இறங்கியது. கண்ணாடி வழியே கையசைத்தார். நான் தலை குனிந்துகொண்டேன். இப்போது மறுபடி ஏறுகிறது. நுரையீரலுக்குப் பரவிவிட்டது. என் ஒருத்தியின் செல்கள் போதவில்லை. எழுந்தால் தலை சுற்றுகிறது. இன்னும் எடுக்கப்போகிறேன்.

ஞாயிறு, 08:30
எட்வின் போய்விட்டார்.

எல்லாவற்றையும் தரைநிலையத்துக்கு எழுதி அனுப்பினேன். பதில்: "பெற்றுக்கொண்டோம். பரிசீலிப்போம். அவர் மனைவி ஜெபக்கனி இணைப்பில் இருக்கிறார்."
"டாக்டரம்மா, ஒங்க மாத்திர இருக்கு, பயமில்லன்னு அவிய சொல்லிக்கிட்டே இருப்பாவ. கடேசி வர ஒங்க ரத்தத்தக் குடுத்துப் பாத்தியளாமே. நீங்க நல்லா இருக்கணும்."
மாத்திரையைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. வாயைத் திறந்தேன்.
"பரவாயில்லைம்மா" என்றேன்.

பரவாயில்லையாம்.

08:52
இதை யார் படித்தாலும், உண்மையைத் தரைநிலையமே சொல்லட்டும் என்று நான் காத்திருந்ததாக எண்ண வேண்டாம். அவர் மனைவியை நானே அழைக்கிறேன். மணி போகிறது.

எடுத்துவிட்டார். பின்னால் ஆட்கள் அழும் சத்தம். "யாரு?" என்கிறார்.

ஜெபக்கனி, நான்