மாதா படத்துக்குப் பின்னால் இருந்த பென் டிரைவ்

மகன் சில்வியுவுக்கு,

நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டுமாம். எழுதிவிட்டேன். மரியாதை இத்தோடு முடிந்தது.

அப்பாவின் வருட நினைவுப் பூசை முடியும்வரை உன்னோடு பேசுவதில்லை என்று சபதம் போட்டேன். எழுதுவதில்லை என்று போடவில்லை. பெற்ற தகப்பனைக் குழியில் இறக்கும்போது வராமல், நாற்பதாம் நாள் பூசைக்கு இத்தாலியின் டொரினோவிலிருந்து இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றவனிடம் என்ன பேசுவது? விமானத்தில் இடம் கிடைக்கவில்லை என்றாய். உன் அப்பா தன் அம்மா செத்தபோது பனியில் பதினாறு கிலோமீட்டர் நடந்து வந்தார். பிப்ரவரி ஒன்பது, செவ்வாய்க்கிழமை. ஒரு செருப்பு வழியிலேயே போய்விட்டது.

மூன்று நாள் இருந்தாய். சொல்ல வேண்டியதையெல்லாம் பக்கத்து வீட்டு சவேத்தா வழியாகச் சொன்னேன். "சவேத்தா, அந்தத் துரைகிட்ட சூப்பு ஆறுதுன்னு சொல்லு" என்பேன். நீ எதிரிலேயே உட்கார்ந்திருப்பாய். அவளும் உன் பக்கம் திரும்பி, "துரை, சூப்பு ஆறுதாம்" என்பாள். எண்பத்தாறில் என் பெட்டை வாத்தைத் தன் வாத்தென்று சாதித்தவள் அவள். அவளைத் தூது அனுப்ப வைத்த பாவமும் உன் தலையில்தான்.

இரண்டாம் நாள், அப்பாவின் செத்த கம்ப்யூட்டரை எழுப்புகிறேன் என்று கிளம்பினாய். யார் கேட்டது? "பேத்தி முகத்த அம்மா இதுல பாக்கட்டும்" என்று சவேத்தாவிடம் சொன்னாய். ஒரு பென் டிரைவ் வேண்டும், அதில் புது சிஸ்டத்தை ஏற்றினால் அதை வைத்தே கம்ப்யூட்டரைக் கிளப்பிவிடலாம் என்று இழுப்பறைகளையெல்லாம் குடைந்தாய். கடைசியில் மாதா படத்துக்குப் பின்னால் கையை விட்டாய். கோயிலில் கொடுத்த துளசிக் கொத்தோடு சேர்த்துச் சிவப்பு நூலால் கட்டி அங்கே ஒன்று வைத்திருந்தேன்.

நம் ஊரில் மாதாவுக்குப் பின்னால் யாரும் குப்பையை வைப்பதில்லை. உனக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டாய், அதை நான் மறைக்கப் போவதில்லை. "அம்மா, இதுல எதாவது இருக்கா? சிஸ்டம் ஏத்துனா உள்ள இருக்கிறது மொத்தமும் அழிஞ்சிடும். இப்பவே சொல்லிடு" என்றாய். சவேத்தா வாத்துக்குத் தீனி போடப் போயிருந்தாள். நான் மடியில் மொச்சையை வைத்து உரித்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை.

திறந்து பார்ப்பாய் என்று நினைத்தேன் சில்வியு. திறந்தால் அப்பா குரல் கேட்கும், கேட்டு வெட்கப்படுவாய், அதைப் பார்க்கலாம் என்று காத்திருந்தேன். நீ திறக்கவில்லை. "அம்மா, உன்னத்தான்" என்று இன்னொரு முறை கேட்டாய். நான் இன்னொரு காயை உரித்தேன்.

அதை உன் லேப்டாப்பில் சொருகினாய். ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நிறைந்துகொண்டே போனது. கால் மணி நேரம். அழகாகத்தான் இருந்தது. அப்பா அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு அதை அப்பாவின் பெட்டியில் சொருகி, ஒரே பொத்தானை லொட்டு லொட்டென்று தட்டினாய். பெட்டி எழுந்து நீலமாகச் சிரித்தது. திரும்பி வந்த சவேத்தா, "கல்லறைலேர்ந்து லாசரே எழுந்து வந்துட்டாரு!" என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

அதில் என்ன இருந்தது என்று இப்போது தெரிந்துகொள். போன அக்டோபரில் அப்பா பிளம் சாராயம் காய்ச்சியபோது, கொப்பரைப் பக்கத்தில் நின்று உனக்காகவே தன் போனில் பேசிப் பதிந்தது. நாற்பது நிமிடம். "மொதல்ல சொட்டுறத வாயில வைக்காதடா சில்வியு, கண்ணு போயிடும். அத உங்கம்மா முழங்காலுக்குத் தேய்க்க எடுத்து வை" என்பார். நடுவில் என்னைப் பார்த்து, "அங்கெலினா, கொஞ்சம் வாய மூடு, உன் சத்தம்தான் விழுது" என்பார். அவர் போனபிறகு ஒவ்வொரு ஞாயிறும் கேட்டேன். கம்ப்யூட்டர் செத்தபின் மாதாவிடம் கொடுத்து வைத்தேன்.

நீ போன மறுநாள், எழுந்துவந்த பெட்டியில் அதைச் சொருகிப் பார்த்தேன். அப்பா இல்லை. பஸ் நிலையத்துப் பக்கம் போன் ரிப்பேர் செய்யும் பெண்ணிடம் எடுத்துப் போனேன். "பாட்டி, மேலயே வேற எழுதியாச்சு. அந்த எடத்துல இருந்த பழசு வராது" என்றாள். பாவப்பட்டுச் சொன்னாள். எனக்காகப் பாவப்பட யார் சொன்னது என்று திட்டிவிட்டு வந்தேன்.

அப்பாவின் போனில் இருக்குமே என்று கேட்பாய். அதைச் சீப்போடும் கைக்குட்டையோடும் சவப்பெட்டிக்குள் அவர் சட்டைப்பையில் நான்தான் வைத்தேன். போகிறவனுக்குப் பிடித்ததை உடன் அனுப்புவதுதானே முறை.

ஆனால் ஒன்று எனக்கு மறக்கவில்லை. போன குளிர்காலத்தில் அப்பா உனக்குக் குரலாகவே பதினோரு செய்தி அனுப்பினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், எண்ணினேன். தினமும் சாயங்காலம் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கேக்கல அவன். கோடு நீலமாகல" என்பார். ஈஸ்டருக்குப் பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். அதற்காக உன்னை நான் மன்னிக்கப் போவதில்லை, அதை எதிர்பார்க்காதே. ஆனால் நீ கேட்காமல் போட்டுவைத்ததுதான் இன்று அவரில் மிச்சம்.

புது போன் வாங்கப் போவதாக சவேத்தாவிடம் சொன்னாயாம். வாங்காதே. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்துபோய் அந்தப் பதினொன்றும் இருக்கிறதா என்று பார். பார்த்தால் போதும், திறக்காதே. தபாலில் அனுப்பாதே, கம்பி வழியாகவும் அனுப்பாதே, என்னிடம் கொடுக்கும் முன் எதை அழிப்பாயோ யார் கண்டது. நீயே கொண்டு வா. மேசையில் வை. நான் மொச்சை உரிக்கமாட்டேன்.

போனைக் கீழே போட்டுவிடாமல் ஆண்டவர் காப்பாற்றட்டும். உன்னையும்தான்.

இன்னும் உன்னோடு பேசாத
அம்மா அங்கெலினா